சிவப்பு நூல் கட்டிய ரிம்

மாப்ள,

நேற்று உன் தம்பி ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து என் கடை வாசலில் இறக்கினான். உன் திருநகர் கடையைக் காலி செய்கிறார்களாம். "அண்ணே, இதுல எது என்னன்னே எங்களுக்குத் தெரியல. நீங்களே வச்சுக்கங்க. அண்ணனுக்கு நீங்கன்னா உசுரு" என்றான். தலையை ஆட்டினேன். செத்தவனின் தம்பியிடம் வேறு எந்தப் பக்கம் ஆட்ட முடியும்? மூட்டைக்குள் கையை விட்டால் சைக்கிள் கம்பியை முறுக்குகிற துருப்பிடித்த நிப்பிள்கள், இரண்டு ஸ்பேனர், காய்ந்த கிரீஸ் வாசனை. அதற்கெல்லாம் அடியில் ஒரு சிவப்பு நூல்கண்டு. எனக்குக் கை வேர்த்துவிட்டது. நூல்கண்டைப் பார்த்து வேர்த்தவன் இந்த விளாங்குடியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அப்போது நமக்கு இருபத்தைந்து வயசு. டவுனுக்குள் முதலாளியின் சைக்கிள் கடையில் வீல் கட்டுகிற ஆட்கள் நீயும் நானும். நடுவில் இருக்கிற ஹப்பில் எத்தனை ஓட்டையோ அத்தனை ஓட்டை வெளிவளையமான ரிம்மிலும் இருக்கவேண்டும், ஓட்டைக்கு ஒரு கம்பி. முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு, பின்சக்கரத்துக்கு நாற்பது. அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். புதுசாக வந்த ஒரு மாடலுக்கு முப்பத்தாறு ஓட்டை ரிம் ஒன்று வந்து சேர்ந்தது. பக்கத்தில் வைத்தால் நாற்பதும் முப்பத்தாறும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதனால் ரிம் கட்டைப் பிரித்ததும் நீ உட்கார்ந்து எண்ணுவாய். நாற்பதுக்குச் சிவப்பு நூல், முப்பத்தாறுக்கு நீல நூல். ஹப்புகளை நான் எண்ணி அடுக்குவேன். ஒருத்தன் எண்ணியதை இன்னொருத்தன் எண்ணக்கூடாது என்பது நாமே போட்டுக்கொண்ட சட்டம். ஒருதரம் மறதியில் உன் ரிம்மில் நான் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தேன். இரண்டு நாள் நீ என்னோடு டீ குடிக்க வரவில்லை. "என் கணக்கு மேல நம்பிக்கை இல்லேன்னா என் மேலயே இல்லேன்னுதான மாப்ள அர்த்தம்?" என்றாய். புதுப் பெண்டாட்டிகூட அப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டாள்.

புதுப் பெண்டாட்டியைப் பற்றி அப்போது எனக்கு என்ன தெரியும் என்பது வேறு கதை. கல்யாணமாகி எட்டு மாசம். அண்ணன் வீட்டில் இருந்தது ஒரே அறை. அதற்குள் மதினி, மூன்று பிள்ளைகள், என் மனைவி. வாசலில் கட்டிலைப் போட்டு நானும் அண்ணனும். அவளோடு தனியாகப் பேச எனக்குக் கிடைத்த ஒரே இடம் தெருக் குழாயடி. குடத்தைத் தூக்கிவிடுகிற சாக்கில் இரண்டு வார்த்தை. அதற்கும் தெருப் பெண்கள் பத்துப் பேர் சாட்சி. இதையெல்லாம் உன்னைத் தவிர யாரிடம் சொன்னேன்? நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதற்கப்புறம் தினமும் காலையில் நான் கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு எம்புட்டுத் தண்ணி வந்துச்சு மாப்ள?"

அந்த நேரத்தில்தான் முதலாளி திருநகரில் இன்னொரு கடை பிடித்தார். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதற்குத் தனிக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். கடையைப் பார்த்துக்கொள்கிறவன் அதில் குடியிருக்கலாம். தாழ்ப்பாள் என்று சொல்லும்போதே எனக்கு நாக்கு இனித்தது. நம் இருவரில் யாரை அனுப்புவது என்று முதலாளிக்குப் புரியவில்லை. "ஆளுக்கு ஒரு பின்வீல் கட்டுங்கடா. கோட்டம் இல்லாம எவன் மொதல்ல முடிக்கிறானோ அவன் போகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

என் ரிம்மை நீதான் எடுத்துவந்து என் மடியில் வைத்தாய். சிவப்பு நூல் கட்டியிருந்தது. "ரூமு உனக்குத்தான் மாப்ள, நான் ஒத்தக்கட்டை, எனக்கு எதுக்கு" என்று காதோரம் சொன்னாய். எனக்குக் கண் கலங்கியே விட்டது. அந்தக் கண்ணோடு கம்பி கோர்க்க ஆரம்பித்தேன்.

முதல் சுற்றுக்குப் பத்துக் கம்பி, நாலு ஓட்டைக்கு ஒன்று. ஒன்பது கம்பி அழகாக உட்கார்ந்தது. பத்தாவது கம்பி போகவேண்டிய இடத்தில் முதல் கம்பி ஏற்கெனவே குடியிருந்தது. தள்ளி எண்ணிவிட்டேன் போல என்று அவிழ்த்துக் கோர்த்தேன். மறுபடியும் ஒரு கம்பி அநாதையாக நின்றது. மூன்றாம் தரமும் அவிழ்த்தேன். அப்போதும் ரிம்மை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் விரலைச் சந்தேகப்பட்டேன், என் கண்ணைச் சந்தேகப்பட்டேன், காலையில் குடித்த நீச்சத்தண்ணியைக்கூடச் சந்தேகப்பட்டேன். அந்தப் பக்கம் நீ எல்லாக் கம்பியையும் கோர்த்து முடித்து, வீலைச் சுற்றிச் சுற்றிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

கடைசியில் முதலாளியே குனிந்து எண்ணினார். "முப்பத்தாறு ரிம்முல நாப்பது கம்பிய நுழைக்கிறவன்கிட்ட நான் எப்படிடா கடைய விடுறது?" என்றார். நீ வாயைத் திறப்பாய் என்று பார்த்தேன். நீ உன் வீலைச் சுற்றிவிட்டு, அது நிற்கிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நான்தான் கவனிக்கல முதலாளி" என்றேன்.

அவர் போனபிறகு, "கை தப்பிருச்சு மாப்ள" என்றாய். நம்பினேன். சத்தியமாக நம்பினேன். சாயங்காலம் ஆணியில் தொங்கிய உன் சட்டைப் பையில் பீடி எடுக்கக் கையை விட்டேன். அது என் தினப்படி உரிமை. பீடியோடு சேர்ந்து ஒரு துண்டு நீல நூல் வந்தது. முடிச்சு அவிழாமல், கத்தரியால் வெட்டியது. என் ரிம்மிலிருந்து நீலத்தை வெட்டி எடுத்துவிட்டுத்தான் சிவப்பைக் கட்டியிருக்கிறாய். பீடியை எடுத்துக்கொண்டு நூலைப் பைக்குள்ளேயே போட்டேன். உன்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் பீடிக்கு யாரிடம் போவது என்ற யோசனையும் கூடவே வந்தது. என் ரோஷத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

ஒரு மாசம் கழித்துத் திருநகருக்கு வந்தேன். நீ டீ சொல்லப் போயிருந்தபோது பின்கதவைத் திறந்து பார்த்தேன். அறை முழுக்க டயர், கூரைவரைக்கும். நீ தம்பி வீட்டிலேயே சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொண்டிருந்தாய். "மழையில நனையாம இருக்கட்டும்னுதான் மாப்ள" என்றாய். "டயருக்குக் கல்யாணமாகி எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்டேன். நீ பழையபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நூலைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீ அதற்குப் பிறகு வாங்கிக்கொடுத்த டீ, என் மகனுக்குப் போட்ட அரைஞாண் கொடி, கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டது, எல்லாவற்றுக்குள்ளும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்களுக்கென்று ஒரு தாழ்ப்பாள் கிடைக்க இன்னும் மூன்று வருஷம் ஆனது. திருநகர் அறை ஏன் கிடைக்கவில்லை என்று, நான் தோற்ற அன்றைக்கு என் மனைவி குழாயடியில் கேட்டாள். குடம் நிரம்பிக்கொண்டிருந்தது, பின்னால் வரிசை நின்றது. உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல், "எனக்குக் கை வரல" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் ஆணி அடிக்கப் போனால் அவள் சுத்தியலைப் பிடுங்கிக்கொள்கிறாள். ஊருக்கெல்லாம் வீல் கட்டிக் கொடுக்கிறவன், என் வீட்டில் கைவராதவன்.

உன் காரியத்தன்று மனசு கேட்காமல் அவளிடம் ஆரம்பித்தேன். "அந்தத் திருநகர் ரூமு விஷயம் இருக்குல்ல..." என்றதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்களுக்குக் கை வரலேன்னா வரலேன்னு விடுங்க. போன மனுசன் மேல பழியப் போடாதீங்க. அந்த அண்ணே மாதிரி ஒரு ஆளு உங்களுக்குக் கிடைக்குமா?"

கிடைக்காது என்றேன்.