முதல் பயனாளி பதவியிலிருந்து விடுவிக்கக் கோரல்

அனுப்புநர்:
வேலுப்பிள்ளை இராசதுரை,
வாவி மீன்பிடித் தொழிலாளி,
மண்டூர்.

பெறுநர்:
வைத்திய அத்தியட்சகர் அவர்கள்,
தாழைமுனை ஆதார வைத்தியசாலை.

விடயம்: லேசர் இயந்திரத் திறப்பு விழாவின் முதல் பயனாளி பதவியிலிருந்து விலகி, உடனே சிகிச்சை பெற அனுமதி கோரல்

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்குக் குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உண்டு. முன்னர் இதற்கு ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து விடுவார்களாம். இப்போது பலருக்கும் லேசரைத்தான் முதலில் அடிக்கிறார்கள் என்று தங்கள் கண் கிளினிக் வைத்தியர் கம்சாயினி விளக்கினார். கத்தியில்லை, இரத்தமில்லை, சில நிமிட வேலை. இயந்திரமும் வந்து இறங்கிவிட்டது என்றார். அன்றே இயந்திரத்தின் தாங்கியில் நாடியை, அதாவது முகவாயை, வைக்க நான் தயாராக இருந்தேன்.

2. ஆனால் இயந்திரம் இன்னும் திறந்து வைக்கப்படவில்லை. எங்கள் பக்கத்தில் புதுத்தோணி இறக்குவோர், கைராசிக்காக முதலில் என்னைத் தொடச் சொல்வது வழக்கம். இதை யாரோ விழாக்குழுவிடம் சொல்ல, என்னை முதல் பயனாளியாக நியமித்துவிட்டார்கள்.

3. பிரதம விருந்தினர் மாசியில் வருவதாக இருந்தது. பிறகு அவருக்கு வெளிநாட்டுப் பயணம். பிறகு கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவதென்ற பிணக்கு. இயந்திரத்தின் முன் வைத்த நிறைகுடத்துத் தேங்காய் முளைத்து, இப்போது ஓலை விட்டிருக்கிறது. அதற்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தக் கவனிப்பில் நான் குறை சொல்லமாட்டேன்.

4. ஒத்திகைக்கு மட்டும் என்னைத் தவறாமல் அழைக்கிறார்கள். நாடியை வைத்து, அசையாமல் சிரிக்க வேண்டும். இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுப்பதில்லை. வைத்தியர் இடைக்காலத்துக்குத் தந்த சொட்டு மருந்து கண்ணைச் சிவக்க வைப்பதால், படம் நன்றாக வராது, ஒத்திகை நாட்களில் விடவேண்டாம் என்று விழாக்குழு பணித்தது. இதை அறிந்த வைத்தியர் சண்டை பிடித்தார். அவரை வரவேற்புக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

5. வேறு வைத்தியசாலைக்குப் போகக் கடிதம் கேட்டேன். அழைப்பிதழில் பெயர் அச்சாகிவிட்டதால், சிகிச்சை பெறாத கண்ணுடன்தான் நான் விழாவுக்கு வர வேண்டுமாம். முதலாமவர் இயந்திரத்தின் முன் அமராமல் மற்ற நோயாளிகளும் அமர முடியாது. கிளினிக் வாங்கில் வரிசையாக உட்கார்ந்து அவர்கள் என்னை முறைப்பதைப் பார்த்தால், அவர்களுக்குப் பார்வை இன்னும் மோசமாகவில்லை என்றே தெரிகிறது.

6. ஐயா, இந்த நோய் பக்கப் பார்வையைத்தான் முதலில் தின்னும். போன கிழமை வலப்பக்கமாக வந்த தோணியை நான் காணவில்லை. மோதியதில், என்னோடு வலை இழுக்க வந்த மனைவி புஸ்பம் வாவிக்குள் விழுந்து தத்தளித்தார். அதன் பிறகு அவர் என் தோணியில் ஏறுவதில்லை. போன பார்வை எந்த லேசருக்கும் திரும்பி வராதாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

7. ஆகவே, இந்தக் கிழமையே கதவைச் சாத்திவிட்டாவது எனக்கு லேசர் அடிக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்கிறேன். விழாவுக்கு என் இடத்தில் அமர, காத்தான்குடியிலிருந்து மீன் எடுக்க வரும் வியாபாரி மர்சூக் சம்மதித்துள்ளார். நல்ல வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறார், சிரிப்பும் பரவாயில்லை. கைராசி வேண்டுமென்றால் நானே தொட்டு அனுப்புகிறேன். அவர் கண்ணில் ஒரு நோயும் இல்லை. விழா எத்தனை வருடம் தள்ளிப்போனாலும் அவரால் காத்திருக்க முடியும்.

தங்கள் பதில் கடிதத்தைத் தன் கண்ணாலேயே வாசிக்க விரும்பும்,
வே. இராசதுரை (ஒப்பம்)

இடம்: மண்டூர்
திகதி: 12.08.2025