காலைத் தண்ணீர்

தங்கவயல்,
பங்குனி 12

சௌபாக்கியவதி அத்தாயிக்குத் தீர்த்தகிரி எழுதுவது. நீயும் பையனும் சுகந்தானே? சுரங்கத்தில் கல் விழுந்து என் விரல் லேசாக நசுங்கியது, ஆறிவிட்டது.

உன் கடிதம் பார்த்துக் கொதித்துப்போனேன். கூட்டுக் கிணற்றில் காலையில் என் அண்ணனும் மதியத்துக்குமேல் நீயும் இறைப்பதென்று சமரசமா? ரெண்டு வேளையும் சரிபாதிதான் என்று அவரே சொன்னாராம்! கோடையில் இரவெல்லாம் ஊறிய தண்ணீரை அவர் இறைத்துக்கொண்டால் நமக்குச் சேறுதானே மிச்சம்! "சண்டை வேண்டாமுன்னு ஒத்துக்கிட்டேனுங்க" என்கிறாய். ஒருத்தி மட்டும் வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் சமரசமா?

இங்கே சோறு தொண்டையில் இறங்கவில்லை; கொள்ளுப்பொடி கொஞ்சம் அனுப்பு. கன்றுக்குட்டிக்குப் பையன் என்ன பெயர் வைத்தான் என்றும் எழுது.

தபால்காரர் காத்திருக்கிறார். இது கிடைத்த மறுநாள் விடியும்போதே நீ மாட்டைப் பூட்டி இறைத்துவிடு. அண்ணன் சத்தம் போட்டால் சொல்: "ஏனுங்க மாமா, ரெண்டும் சரிபாதின்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? இனி நீங்க மத்தியானத்துல எறைச்சுக்குங்க."