சிவப்புக் காரின் ஆட்டம்

மே 4, 1996. சனி

மழை விட்டுட்டுது. குளிர் விடேல்லை. காரின்ர போர்வையைக் கழட்டினன். ஆறு மாசம் காறாச்சில படுத்த கார், ஒரே திருப்பில ஸ்ராட். பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது.

செய்ய: எண்ணெய் மாத்த. ரயருக்குக் காத்து. இவருக்கு இருமல் மருந்து. ராணியின்ர மகளுக்குக் காப்போ சங்கிலியோ (ராணியைக் கேக்க).

ராணி என்ர தங்கச்சி, மொன்றியலில. மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு வாற லோங் வீக்கெண்ட் ஞாயிறு. ஆறு மணித்தியால ஓட்டம். இந்தக் காரில தான் போறது எண்டு மார்கழியிலயே முடிவு. என்ர முடிவு.

பின்னேரம் இவரை ஏத்திக்கொண்டு ஒரு சுத்து. ஸ்ரீல்ஸ் ரோட்டில இருந்து 404 ஹைவேயில ஏறுற வளைவில கார் ஒரு பக்கம் சரிஞ்சு, நிமிர்ந்து, மற்றப் பக்கம் சரிஞ்சுது. பிறேக் பிடிச்சா மூக்கு நிலத்தில. இவர் ரெண்டு கையாலயும் கதவுப் பிடியில தொங்கினார். அடுத்த பிளாசாவில நிப்பாட்டச் சொல்லி, இறங்கி, புல்லில குந்திக்கொண்டு இருந்தார்.

"இது கார் இல்லையப்பா. வள்ளம்."

பிறகு, முகம் கழுவிப்போட்டு: "நீர் காரில போம். நான் பஸ்ஸில வாறன்."

சாமத்தியவீட்டுக்குப் புருசன் பஸ்ஸில, பெண்சாதி எட்டு சிலிண்டர் மசில் காரில. மொன்றியல் சனம் இதை ஒரு வருசத்துக்கு வச்சுக் கதைக்கும்.

மே 5. ஞாயிறு

வெயில். ஃபரீத் நானாவின்ர காறாச்சுக்குப் போனன். மன்னார் ஆள், கென்னடி ரோட்டில ரெண்டு கதவு உள்ள சின்ன இடம். இவரும் வந்தார், பஸ்ஸில.

நானா காரை உயர்த்தி அடியைக் காட்டினார். மூட்டுக்கு மூட்டு இருக்கிற றப்பர் புஷ் எல்லாம் கருவாடு மாதிரிக் காஞ்சு கிடக்கு. இருபத்தாறு வருசத்துக் கார், ஒண்டும் மாத்தினதில்லை. அந்தோனியோவுக்கு எஞ்சின் தான் உயிர். (அந்தோனியோ: எயார்போட் கிச்சினில எங்களோட வேலை செய்து, பென்சன் எடுத்து ஊருக்குப் போன கிழவன். நாலு வருசமா ஒவ்வொரு நாளும் பார்க்கிங்கில நிண்டு அந்தக் காரைப் பாத்தனான். கடைசியில "வேணுமோ?" எண்டு அவனாக் கேட்டான்.)

நானா சொன்ன மூண்டு வழி:

1. புது ஸ்பிறிங், குலுக்கலை அமத்துற புது சொக், கொம்பனியில இருந்து வந்த மாதிரி. மெத்தை. ஆனா வளைவில ஆடும். அப்பவும் ஆடினது தானாம்.

2. உதோட முன்னுக்குத் தடிச்ச சுவே பார், பின்னுக்குப் புதுசா ஒண்டு. கார் சரியாம ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு வைக்கிற கம்பி. சொக்கும் கொஞ்சம் இறுக்கமானது.

3. கட்டை ஸ்பிறிங், கல்லு மாதிரி புஷ். கார் நிலத்தோட ஒட்டும். ரேஸ் ஓடுற ஆக்கள் போடுறது.

எனக்கு மூண்டாவது வேணும். இவருக்கு முதலாவது, "இல்லாட்டி வித்துப்போடும்". நானா எல்லாத்தையும் இவரைப் பாத்தே விளங்கப்படுத்தினார். இவர் தலையை ஆட்டினார். ஒரு சொல்லும் விளங்கேல்லை எண்டு எனக்கு மட்டும் தெரியும்.

"நானா, கார் என்ர."

"தெரியும் தங்கச்சி. ஆனா வாந்தி எடுக்கிறது அவர் தானே."

மே 8. புதன்

வேலை. முன்னூறு மரக்கறித் தட்டு. சாப்பாட்டுத் தட்டில வைக்கிற வெள்ளைக் கோப்பை நாலை சுப்பவைசரிட்டக் கேட்டு எடுத்தன். எதுக்கு எண்டு அவ கேட்டா. கார் சோதனைக்கு எண்டன். திரும்பக் கேக்கேல்லை.

பின்னேரம் சோதனை. நாலு கோப்பையிலயும் விளிம்புக்கு ஒரு விரல் கீழ மட்டும் தண்ணி. ஒரு சுத்துக்கு ஒரு கோப்பை, பின் சீற்றுக்குக் கீழ வச்சன். ஸ்ரீல்ஸ், மக்கவன் ரோட், திரும்பி வீடு. இவர் ஏறேல்லை. வாசலில நிண்டு, வந்ததும் மிச்சத்தை இருமல் மருந்துக் கோப்பையால அளந்தார். சரியான கவனமா.

முதல் கோப்பை: கவிண்டது.
ரெண்டாவது: அரை.
மூண்டாவது: அரைக்கும் கீழ.
நாலாவது: மக்கவனில அணில் குறுக்க ஓடினது. சேர்க்கேல்லை.

"அணிலையும் எழுதும்," எண்டார் இவர். "ரோட்டில அணில் இருக்கும் தானே."

மே 9. வியாழன்

நானா போன் எடுத்தார். மூண்டாம் வழி போட்ட கார் ஒண்டு வந்து நிக்குதாம், சொந்தக்காரனும் நிக்கிறானாம், ஏறிப் பாக்கட்டாம். வேலையால நேர போனன்.

வளைவில ஒரு துளி சரிவில்லை. கோடு கீறின மாதிரித் திரும்புது. சொர்க்கம். அதுக்குப் பிறகு ரோட்டில ஒரு குழி. சின்னக் குழி. நாக்கைக் கடிச்சுப்போட்டன். ஒரு தோட்டைக் காணேல்லை. பத்து நிமிசம் எல்லாரும் சீற்றுக்குக் கீழ கையை விட்டுத் தேடி, கடைசியில என்ர சட்டைக்குள்ள இருந்து எடுத்தது.

சொந்தக்காரப் பெடியன் இடுப்பில பெல்ற் மாதிரி ஒண்டு கட்டியிருந்தான். ஸ்ரைல் எண்டு நினைச்சன். முதுகு நோவுக்காம். வயசு இருபத்தாறு.

ரெண்டாம் வழி எண்டு நானாவுக்குச் சொல்லிப்போட்டன். நாக்கு வீங்கி இருந்ததால மூண்டு தரம் சொல்ல வேண்டி வந்துது.

மே 11. சனி

முகில். கார் வந்திட்டுது. திரும்பச் சோதனை.

முதல் கோப்பை: ஒரு கரண்டி குறைவு.
மற்ற மூண்டும்: அப்பிடியே.

பிறேக் பிடிச்சா மூக்கு மட்டமா நிக்குது. வளைவில குந்தியிருக்கிற மாதிரி இருக்குது, ஒரு பக்கமும் சரியேல்லை. ஸ்ரியறிங் கையில பேசுது. சந்தோசத்தில இவருக்கு ரெண்டு முட்டை பொரிச்சன்.

அது பிழை. நாலு மணிக்கு ஏத்திக்கொண்டு போக, மக்கவன் தாண்ட முதலே, "நிப்பாட்டும்."

திரும்பவும் புல்லு. பக்கத்தில நிண்டு முதுகு தடவினன்.

"கார் ஆடேல்லையே."

"ஓம், ஆடேல்லை," எண்டார். "நல்லா செய்திருக்கிறார். எனக்குத் தான் ஏலாது."

பஸ் ரிக்கற் போன கிழமையே எடுத்திட்டாராம். சேட் பொக்கற்றில வச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறார். எனக்குக் கோபம் வந்துது. அழுகையும் வந்துது. ஒரு காருக்காக அழுறதோ எண்டு அதை விட்டிட்டன்.

மே 13. திங்கள்

கோப்பையைத் திருப்பிக் குடுத்தன். வேலை முடிய நானாவிட்டப் போய் விசயத்தைச் சொன்னன். இனிக் கழட்டிப் பூட்ட ஒண்டுமில்லை எண்டார். பிறகு கையைத் துடைச்சுக்கொண்டு:

"ஓட்டுற ஆளுக்குத் தலை சுத்தாது தங்கச்சி. அவருக்கு லைசன்ஸ் இல்லையா?"

இருக்கு. ஐடிக்கு வச்சிருக்கிறதெண்டு சொல்லுறவர். நான் வந்து அஞ்சு வருசம், ஒரு நாளும் ஸ்ரியறிங்கில கை வச்சுக் காணேல்லை.

சாப்பிடேக்க கேட்டன். பருப்பைக் குழைச்சுக்கொண்டு சொன்னார். 88இல, பார்க்டேலில இருக்கேக்க, முதல் வாங்கின காரில, பனியில வழுக்கிப் பஸ் தரிப்புக் கம்பத்தில இடிச்சவராம். நிண்ட பொம்பிளை ஒரு அடி தள்ளி நிண்டதால தப்பினாவாம். அவ ஒண்டும் ஏசேல்லையாம். "ஆர் யூ ஓகே?" எண்டு இவரைக் கேட்டவவாம். காரை அங்கயே விட்டிட்டு நடந்து வந்தவர், பிறகு தொடேல்லை.

நான் அப்ப ஊரில. கடிதத்தில இவர் எழுதினது: "இங்கு பனி அதிகம். நான் நலம்."

மே 15. புதன்

சாவி குடுக்காமல் இருக்கக் காரணம்:
கார் என்ர.
எட்டு சிலிண்டர், இவர் தாங்கமாட்டார்.
எட்டு வருசமா ஓட்டேல்லை.
சீற்றை முன்னுக்கு இழுத்தா பிறகு எனக்குச் சரியா வராது.
கார் என்ர.

குடுக்கக் காரணம்: பஸ் ரிக்கற்.

மே 16. வியாழன்

பின்னேரம் ஆறு மணி. சீனச் சாமான் கடைக்குப் பின்னால பெரிய பார்க்கிங், சனம் இல்லை. சாவியை நீட்டினன். வாங்க மாட்டன் எண்டு சொல்லுவார் எண்டு தான் நீட்டினது. வாங்கிப்போட்டார்.

நடக்கிற வேகம். ஒரு சுத்து, ரெண்டு, பதினொண்டு. தள்ளுவண்டில் ஒண்டு நூறு அடி தூரத்தில நிண்டதுக்கு ஹோர்ன் அடிச்சார். பன்ரெண்டாம் சுத்தில கொஞ்சம் கெதியாத் திருப்பினார், கார் சரியாம வந்துது.

"ரோட்டைப் பிடிக்குது, என்ன?" எண்டார்.

"பின்னுக்கு வச்ச கம்பி," எண்டன்.

தலை சுத்தேல்லையோ எண்டு கேக்க மறந்துபோனன். அவரும் சொல்ல மறந்துபோனார்.

மே 18. சனி. மொன்றியல்

எழும்பினது 5 மணி. காப்பு, பலகாரம், சீலை மூண்டு, ஊதா வேண்டாம் எண்டு ராணி. பாதி வழி, கிங்ஸ்ரன் வரைக்கும் நான் ஓடினன். அது வரைக்கும் இவர் கண்ணை மூடி, எலுமிச்சம்பழத்தை மணந்துகொண்டு, ஒரு நிப்பாட்டல் தான். கிங்ஸ்ரனில இறங்கி, என்ர பக்கக் கதவடிக்கு வந்து நிண்டார்.

பிறகு எண்பதில ஓட்டம். வலது கரை. எல்லாரும் எங்களைத் தாண்டினவை: லொறி, பள்ளிக்கூட பஸ், வீடு ஒண்டை ஏத்திக்கொண்டு போன வாகனம், ஒரு கிழவி. கிழவி கை காட்டினா. இருந்து இருந்து என்ர வலது கால் தானா நிலத்தை அமத்திக்கொண்டு வந்துது. கோர்ன்வோல் தாண்ட கால் நோ. எட்டு சிலிண்டரில ரெண்டு தான் முழிப்பு.

பாத்தன். முகத்தில வேர்வை. வாய்க்குள்ள ஏதோ பாட்டு. இவர் பாடுவார் எண்டு எனக்குத் தெரியாது.

ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தம். ராணியின்ர மனிசன் வாசலில நிண்டு, "ஆர் ஓடினது?"

"பாதி இவ. பாதி நான்," எண்டார் இவர், தண்ணி குடிக்க முதல்.

மே 19. ஞாயிறு

சாமத்தியவீடு நல்லா முடிஞ்சுது. பிள்ளை கடைசி மட்டும் சிரிக்கேல்லை, தலைப்பின்னல் பாரமாம். நான் ஊதா கட்டினன், மற்ற ரெண்டிலயும் கறி ஊத்துப்பட்டுட்டுது.

மதியம் இவரைக் காணேல்லை. பாத்தா, வெளியில பத்துப் பன்ரெண்டு ஆம்பிளையளைக் கூட்டி, பட்டு வேட்டியோட நிலத்தில படுத்து, காருக்கு அடியில கையைக் காட்டி சுவே பார் விளங்கப்படுத்துறார். பாதி பிழை. திருத்தேல்லை.

மே 20. திங்கள்

வெயில், காத்து. இவர் தான் முதல். கிங்ஸ்ரன் மட்டும் தொண்ணூறு, ஒருக்கா தொண்ணூற்றைஞ்சு.

அங்க மாறினம். இவர் கதவுப் பிடியில கை வைக்கேல்லை. எலுமிச்சம்பழத்தைத் தேடேல்லை. பெல்வில் தாண்ட, "கொஞ்சம் கண் அயரட்டோ?" எண்டு கேட்டார், வேலைக்கு லீவு கேக்கிற மாதிரி. நித்திரை. வாய் திறந்தபடி. லொறிகளுக்கு நடுவால நூற்றிப்பத்தில எடுத்தன், அசையேல்லை. 404 இறங்கி ஸ்ரீல்ஸில திரும்ப, தலை மட்டும் மெல்ல என்ர தோளுக்கு வந்து நிண்டுது.

மணி நாலரை. வீட்டு வாசலில நிப்பாட்டி அரை மணித்தியாலம். எஞ்சின் சூடு போகுது, டிக் டிக் எண்டு சத்தம். இடது கையால கொப்பியைப் பிடிச்சு எழுதுறன், வலது தோளை ஆட்டேலாது. பலகாரம் பின்னுக்கு, பால் வாங்கவேணும், நாளைக்கு ஏழு மணிக்கு வேலை. எழுப்பவேணும்.

இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்.