அப்பாவிடம் மிச்சமிருக்கும் வார்த்தைகள்

அன்பு மகள் சாந்தினிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்கவேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அழுகிறாய், அழுகை நின்றதும் அதட்டுகிறாய், அப்பாவோ கட்டிலிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் எழுதிவிடுகிறேன், பக்கத்து வீட்டு புஷ்பலதா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருவாள். குறுக்கே பேசாமல் கடைசி வரை படி.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அப்பாவுக்குத் தமிழ் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். என் பெயரைக்கூடச் சொல்ல வரவில்லை சாந்தினி, அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. வருவதெல்லாம் பள்ளிக்கூட லேப்பில் வேலை பார்த்த காலத்தில் ஆசை ஆசையாகச் சேர்த்தாரே, அந்தப் பழைய சயின்ஸ் வார்த்தைகள்தான். எரிகிற பொருளுக்குள் இருப்பதாக அந்தக் காலத்தில் நம்பினார்களாமே பிளாஜிஸ்டன், அடுப்பில் கேஸ் தீர்ந்தால் பிளாஜிஸ்டன் தீர்ந்துபோச்சு என்று கேலி செய்வாரே, அந்த வகை. ஒவ்வொரு வார்த்தையும் எங்கே பிறந்தது என்று சோற்றுத் தட்டின் முன்னால் அவர் சொல்லும்போது நீ எழுந்து ஓடிவிடுவாய். நான் நெத்திலி கிள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் மலேரியா மலேரியா என்றார். நர்ஸ் மிஸி பதறிப்போய், அங்கிள் காட்டுப் பக்கம் போனாரா என்று கேட்டு ரத்தம் எடுக்க ஊசியோடு வந்துவிட்டாள். கெட்ட காற்று என்பதுதான் அந்த வார்த்தைக்கு ஆதியில் அர்த்தம். நான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன், மனுஷன் அடங்கிவிட்டார். மெலன்கலி என்றால் கறுப்புப் பித்தம், அது கூடினால் மனச்சோர்வு என்பார். அதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, அறுத்துச் சுத்தம் செய்யவேண்டும், விட்டால் பக்கவாதம் இன்னொரு தடவை வரலாம், அறுப்பதிலும் ஆபத்து உண்டு என்று டாக்டரம்மா மலாயில் பொறுமையாகத்தான் சொன்னார். சம்மதமா என்று அப்பாவைக் கேட்டார். அவர் தலையை ஆட்டினார். அவர் இப்போது எதற்குத்தான் ஆட்டவில்லை, தேத்தண்ணீருக்கும் ஆட்டிவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறார். ஆனால் ஆட்டியபடியே ஒரு வார்த்தை சொன்னார், ஆட்டம் பாம் என்கிறோமே, அந்த ஆட்டம், அணு. டாக்டரம்மா சிரித்து அவர் தோளைத் தட்டிவிட்டு, கையெழுத்துப் போடும் சம்மதப் பாரத்தை என்னிடம் நீட்டினார். எனக்கு அந்த வார்த்தை புரிந்துவிட்டது. வெட்டக்கூடாதது, வெட்ட முடியாதது, அதனால்தான் கிரேக்கர்கள் அந்தப் பேர் வைத்தார்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்ததும் உன் சீனி சித்தப்பாவிடம் சொன்னேன். அண்ணி, அண்ணனுக்கு ஒன்னும் வெளங்கலலா, நீங்க சைன் வச்சிட்டு பேசாம இருங்க, இதப் போய் டாக்டருகிட்ட சொன்னா நம்மளையும் சேத்து பைத்தியம்பாங்க என்றார். வீட்டுக்கு வந்து நானே சோதித்துப் பார்த்தேன். அவர் கழுத்தில் விரலை வைத்து, இங்கே கத்தி வைக்கலாமா என்றேன். ஆட்டம் என்றார். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறீர்களா என்றேன். கையை நீட்டினார். மறுநாளும் அப்படியே.

நீயும் கையெழுத்துப் போடு என்றுதான் சொல்கிறாய். உன்மேல் கோபமில்லை, எனக்கும் அவர் வேண்டும். சுங்காய் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவினவள் நான், கத்திக்குப் பயந்தவள் இல்லை. அந்த ஒரு வார்த்தையின் அர்த்தம் தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாகப் போட்டிருப்பேன். தெரிந்துவிட்டதே, என்ன செய்ய. வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, என் எதிரில் இன்னொரு தடவை கேட்கச் சொல்லப்போகிறேன். அப்போதும் அதையே சொன்னால் நான் பேனாவைத் தொடமாட்டேன். சித்தப்பா பேசாமல் போனாலும் சரி, நீ பேசாமல் போனாலும் சரி. ஆனால் நீ பேசாமல் போனால் நான் தாங்குவேனா தெரியவில்லை.

உன் படத்தைக் காட்டினால் காமெட் என்கிறார், வால்நட்சத்திரம். பள்ளிக்கூடம் போகும்போது தலை பின்னவிடாமல் ஓடுவாயே, அப்போது வைத்த பேர், முடியை விரித்துப் போட்ட நட்சத்திரம் என்று. வாசலில் எந்தக் கார் நின்றாலும் இப்போது அதே வார்த்தைதான். மற்றதற்கெல்லாம் ஜன்னலைத் திறக்கிறேன், கையைப் பிடிக்கிறேன். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் வாழ அம்மனும் நாங்களும் துணை. வேளாவேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் கிடைத்தால் வியாழனுக்கு முன்னால் வந்துவிடு. வரும்போது தலையைப் பின்னாமல் வா, இந்த ஒரு தடவை நான் திட்டமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
விமலா
புந்தோங், ஈப்போ