ரிலேயில் சொருகிய அட்டை

திருப்பூர்
4.12.2008

அன்புள்ள அக்கா ஒச்சம்மாளுக்கு, தம்பி பெரியகருப்பன் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தனுஷ் பள்ளிக்கூடம் போகிறானா?

மச்சானின் பதினாறாம் நாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடியோடு நான் வரவில்லை. ஊரே காறித் துப்பியிருக்கும். துப்பட்டும். சேலை வாங்கிவிட்டேன், பெட்டியில் அப்படியே கிடக்கிறது. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தனியாக உட்கார்ந்து படி.

இங்கே கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாது. எங்கள் சாயப்பட்டறை ஓடுவது பெரிய ஜெனரேட்டரில்தான். அதற்குக் காவலாக ஒரு ரிலே உண்டு. ஜெனரேட்டருக்குள் இருக்கிற காயிலின் ஒரு முனையில் போகிற கரண்டையும் மறுமுனையில் வருகிற கரண்டையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். சமமாக இருந்தால் சும்மா கிடக்கும். வித்தியாசம் வந்தால் உள்ளே எங்கேயோ கரண்டு ஒழுகுகிறது என்று அர்த்தம். கண் இமைப்பதற்குள் மெஷினை நிறுத்திவிடும். ஷிப்டுக்கு உள்ளே போன ஆளையும் வெளியே வந்த ஆளையும் எண்ணுகிற வாட்ச்மேன் மாதிரி.

தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை வீணாக நிறுத்தியது. ரிலேக்குப் போகிற ஒயர் லூசாக இருந்தது, அவ்வளவுதான். அதுதான் என் புத்தியைக் கெடுத்தது. மச்சான் போன அன்றைக்கு அது மூன்று தரம் நிறுத்தியபோது, மறுபடியும் பொய்தான் சொல்கிறது என்று நினைத்தேன். துணி பாதிச் சாயத்தில் நின்றது. மேனேஜர் அருண்குமார் வந்து, "எப்படியாச்சும் ஓட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாங்க" என்றார். அவர் ஓட்டத்தான் சொன்னார். பனியனில் தொங்கவிடுகிற சைஸ் அட்டையை நாலாக மடித்து, ரிலேக்குள் தொட்டதும் மெஷினை நிறுத்துகிற இரண்டு தகடும் தொட முடியாதபடி நடுவில் சொருகியது இந்தக் கைதான்.

ஒரு மணி நேரம் ஓடியது. நான் டீ குடிக்க வெளியே வந்தேன். புகை வாடை அடித்ததும் உள்ளே வேலையாக இருந்த மச்சான் மெஷினை நிறுத்தப் போயிருக்கிறார். அதற்குள் காயில் வெடித்துவிட்டது. காலையில் அந்த ஜெனரேட்டர் அறைக்குள் இரண்டு பேர் போனோம் அக்கா. நான் ஒருத்தன்தான் வெளியே வந்தேன்.

அவர் குடித்துவிட்டு மெஷினில் கை வைத்தார் என்று கம்பெனியில் எழுதிவிட்டார்கள். ஊரிலும் அதே பேச்சுத்தான் என்று மருதம்மாள் அத்தை போனில் சொன்னது. அவர் சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அன்று காலை எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்த மனுஷன். அவர்கள் எழுதும்போது பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பாவி நான்.

திங்கட்கிழமை பேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். அட்டை சொருகியது நான்தான் என்று சொல்லப்போகிறேன். வேலை போகும். ஜெயிலுக்கும் போகலாம். எது வந்தாலும் உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். தனுஷிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடு, அவன் அப்பன் குடிக்கவில்லை என்று.

அந்தக் கோடியை என் கையால் வாங்க உனக்கு மனம் வருமா? வராது என்றால் ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். பிறந்த வீட்டுச் சேலை இல்லாதவள் என்று உன்னை யாரும் சொல்லக் கூடாது. வா என்று ஒரு வார்த்தை எழுதினால் நானே கொண்டுவருவேன்.

குலசாமி உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும். எனக்காக எதுவும் வேண்டிக்கொள்ளாதே.

உன் தம்பி
பெரியகருப்பன்