அல்போன்சா வீட்டுக்கு நான் ஆட்டிய மணி

சேசு மரி சூசை துணை

ஜோகுபாளையம், பெங்களூர் தண்டு
1934 மார்ச்சு 14

என் அன்பு மகன் ரெமிஜியசுக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் எனக்குக் கை கால் ஓடுகிறது, கண்தான் மங்கல், பஸ்ராவில் உன் தேகத்துக்கு ஒரு குறையும் வராமல் இருக்கத் தேவமாதாவை நாள் தவறாமல் கேட்டுக்கொள்கிறேன். உன் கடுதாசி வந்தது. கப்பல் ஆபீசில் மேல் வேலை கிடைத்ததும் கிராமபோன் பெட்டி வாங்கினதும் எழுதியிருந்தாய், சந்தோஷம். பூசைக்குப் போகிறாயா என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

உன் தங்கை பிரிஜெட்டின் மாமியார் அல்போன்சா வாதம் அடித்துப் படுத்துவிட்டாள். ஒரு பக்கம் விளங்கவில்லை, பேச்சு குழறுகிறது. கேட்டதும் எனக்கு வயிறு குளிர்ந்தது, உன்னிடம் மறைப்பானேன். பிரிஜெட் போனது எப்படி என்று நான் உனக்கு எழுதினதேயில்லை, இப்போது எழுதுகிறேன். பிள்ளை செத்துப் பிறந்து மூன்றாம் நாள் அவளுக்கு ஜுரம் ஏறிவிட்டது. மறுநாள் காலை அவள் கொழுந்தன் தியோடருக்குக் கலியாணம். சாம்பல் புதன் வந்துவிட்டால் நாற்பது நாள் கலியாணம் கிடையாதே, அந்த அவசரம். என் பெண் பிழைக்க மாட்டாள், சாகுமுன் அவஸ்தை எண்ணெய் பூசச் சுவாமியாரைக் கூப்பிடுங்கள் என்று நான் அழுதேன். அல்போன்சா கதவைச் சாத்திவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா, "வாசல்ல பந்தல் நிக்குது சம்பந்தியம்மா, சாமியார் மணி ஆட்டிக்கிட்டு வந்தா பொண்ணு வீட்டார் சாவு வீடுன்னு திரும்பிப் போயிடுவாங்க, நாளைக்குத் தாலி ஏறட்டும்" என்றாள். நான் எழுந்து ஓடியிருக்க வேண்டாமா. அந்த வீட்டு நிலைக்கண்ணாடியும் பளிங்குத் தரையும் பார்த்து வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். சுவாமியார் கோவிலில் தியோடருக்குத் தாலி மந்திரிக்கிற நேரத்தில் பிரிஜெட் அந்த வீட்டில், சாமியார் வராராம்மா, வராராம்மா என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள். மடத்தில் சேருகிறேன், எனக்கு ஆண்டவர் ஒருவர் போதும் என்று சொன்ன பெண் அவள். போதாது என்று சொல்லிப் பட்டும் மோட்டாரும் உள்ள வீட்டில் கொண்டுபோய்த் தள்ளினவள் நான். அந்தப் பட்டைச் சுற்றித்தான் புதைத்தோம்.

போன மாசம் ஞாயிற்றுக்கிழமை பிரிஜெட் புருஷன், உன் மைத்துனன் டென்சில் வந்து நின்றான். ஒரு வருஷமாக எட்டிப் பார்க்காதவன். அம்மாவுக்கு முடியவில்லை, உங்கள் பேரையே சொல்கிறாள், சுவாமியாரை எங்கள் மோட்டாரில் பின்வாசல் வழியாக அழைத்து வந்துவிடுங்கள் அத்தை, மணி வேண்டாம், என் தங்கையைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றான். சரி என்றேன். கோவிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம் சாகக் கிடக்கிறாள் என்பதை மட்டும் சொன்னேன், மோட்டார் சங்கதியைச் சொல்லவில்லை. சுவாமியார் நற்கருணையோடு பின்னால் வர, கோவில்பிள்ளை கையிலிருந்து மணியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். தோள் கழன்று போகிற மாதிரி ஆட்டினேன் ரெமிஜியஸ். தெரு முழுக்க ஜனம் வெளியே வந்து முழந்தாளிட்டது, வண்டிக்காரனும் இறங்கி நின்றான். அவர்கள் முன்வாசலில் நின்று இன்னும் இரண்டு தரம் ஆட்டினேன். ஹாலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள், எழுந்தவர்கள் போயே போய்விட்டார்கள். டென்சில் முகத்தைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். உள்ளே போய் அல்போன்சாவின் காதில், "என் பொண்ணுக்கு நீ குடுக்காததை உனக்கு நான் கொண்டாந்திருக்கேன், வாங்கிக்கோ" என்றேன். அவள் கோணின வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வழியட்டும் என்று நின்றேன்.

அவள் சாகவில்லை. நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சுவாமியார், மணியை யாருக்காக ஆட்டினாய் என்று கேட்டார். அவளைச் சந்தி சிரிக்க வைக்க என்றேன். செய்ததை நினைத்து மனம் வருந்துகிற மனஸ்தாபம் உண்டா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் பாவப்பொறுத்தல் தர முடியாது, யோசித்து வா என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து நான் நற்கருணை வாங்கவில்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஆண்டவர் வீடு தேடிப் போகிறார், நான் கோவிலுக்குள்ளேயே இருந்து வெறும் வாயோடு திரும்புகிறேன். பழி தீர்த்தவள் நான், பட்டினி கிடக்கிறவளும் நான். பெண் பார்க்கிறது கலைந்த சந்தோஷம் இரண்டு நாள் கூட நிற்கவில்லை அப்பா. பிரிஜெட் கேட்ட அந்த ஆண்டவருக்காக எனக்கு இந்த வயதில்தான் பசிக்கிறது.

அல்போன்சாமேல் எனக்கு இன்னும் இரக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டவரைத் தடி மாதிரி தூக்கிக்கொண்டு போய் அவளை அடித்தேனே, அதற்கு மனஸ்தாபம் இருக்கிறது. சனிக்கிழமை அதைச் சொல்வேன். போதாது என்றால் அடுத்த சனிக்கிழமையும் போவேன். வீடும் மோட்டாரும் அவளிடமே இருக்கட்டும், ஆண்டவரை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான் வாசலில் நிற்க மாட்டேன்.

நீயும் பெட்டிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திராதே, பாஸ்குத் திருநாளுக்குள் அங்கே ஒரு கோவிலைத் தேடிப் பாவசங்கீர்த்தனம் செய்து எனக்கு எழுது. வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், வானத்துச் சம்மனசுகள் உன்னைக் காக்கட்டும்.

உன்னைப் பெற்ற அம்மா
ரெஜினம்மாள்