தட்டில் இரண்டு முட்டை

சேசு மரி சூசை துணை

பொன்மலை,
9-3-1958

அன்புள்ள வேதாவுக்கு,

ரோசரி எழுதுகிறேன். நீ அனுப்பிய சிங்கம், நரி கதைப் புத்தகம் கிடைத்தது. அமலு அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

மே மாதம் அவளுக்குப் புது நன்மை. முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். அன்றைக்கு நன்றிச் செபத்தை எல்லாருக்கும் முன்னால் நின்று வாசிக்க அவளைத்தான் சாமியார் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத பிள்ளையை.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார், "பி.ஏ. படிச்ச மருமக வந்துட்டா, இனி சோறு இங்கிலீஷ்ல வேகும்" என்றார். அமலுவுக்கு ஐந்து வயதானபோது, "வீட்லயே ஒரு காலேஜ் இருக்கு, புள்ளைய எதுக்கு ஸ்கூலுக்கு அனுப்பணும்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூன்று வகுப்பையும் வீட்டிலேயே முடித்து, நேராக நாலாம் வகுப்பில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். காலேஜில் நீ கிள்ளினால்கூட வாய் திறக்காதவள் நான்.

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி அவர் சைக்கிளில் கிளம்பியதும் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். பலகையில் கணக்கு, பிறகு ஞானோபதேசம், பிறகு வாசிப்பு. முதலில் நான் படிப்பேன், அப்புறம் அவள். புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முத்தமிடுவதுபோலத்தான் படிப்பாள். அந்தப் பக்தி எனக்கு அவள் வயதில் இருந்ததில்லை.

ஒரு வேடிக்கை. அர்ச்சிஷ்டவர்கள், அதாவது எங்கள் புனிதர்கள் கதைப் புத்தகத்தில், விசுவாசத்துக்காகக் கண்ணை இழந்த லூசியம்மாள் தன் கண்கள் இரண்டையும் தட்டில் ஏந்திக்கொண்டு நிற்கும் படம் இருக்கிறது. அதைக் காட்டி, "அம்மா, இவங்க யாருக்கு முட்டை கொண்டு போறாங்க?" என்றாள். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அவசியம் வா. உனக்குத் தனிப் பாத்திரத்தில் பால் காய்ச்சி வைக்கிறேன்.

உன்
ரோசரி


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
21-5-1958

பிரியமுள்ள ரோசரி,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். வெள்ளைக் கவுனும் முல்லைப்பூக் கிரீடமுமாக அமலு இன்னும் கண்ணிலேயே நிற்கிறாள். அவள் குரலைக் கேட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்ததை எப்படி எழுதுவதென்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

செபம் வாசிக்கும்போது அவள் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டாள். நான் முன்வரிசையில் இருந்ததால் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. அன்று சாயங்காலம் நீ உள்ளே வேலையாக இருந்தபோது, நான் கொடுத்த புத்தகத்தில் நீ இன்னும் படித்துக் காட்டாத கதை ஒன்றை எடுத்துப் படிக்கச் சொன்னேன். "அம்மா மொதல்ல படிக்கட்டும் அத்தை, அப்புறம் நான் படிக்கிறேன்" என்றாள். அந்தக் கதையின் முதல் வரியைப் பலகையில் பெரிதாக எழுதினேன். உடனே படித்துவிட்டாள்.

என் தம்பி வரது ஐந்து வயதில் பெரியவர்களோடு கோயிலில் நின்று பாசுரம் சேவிப்பான். கையில் புத்தகம் இருக்கும், தலைகீழாக. எங்கள் வீடுகளில் சொல்லச் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்லித்தான் வரும் என்பதால், அவன் வாசிக்கிறான் என்று யாரும் நினைக்கவில்லை. நீ நினைத்துவிட்டாய்.

அமலுவுக்கு எழுத்து தெரியும் ரோசரி. நீ நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். சின்ன அச்சுதான் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. தாமதிக்காமல் கண் டாக்டரிடம் காட்டு. அந்த முட்டைக் கதையை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்
வேதவதி


பொன்மலை,
29-5-1958

வேதவதி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் வீட்டில் பால் குடித்துவிட்டு, நான் அடுக்களையில் இருந்த நேரம் பார்த்து என் பிள்ளைக்குப் பரீட்சை வைத்திருக்கிறீர்கள். அறுபது பிள்ளைகளுக்கு மார்க் போட்டுப் பழகிய டீச்சர் கை சும்மா இருக்காதுதான்.

சர்வேசுரன் அவளுக்குக் கொடுத்த ஞாபகத்தை நீங்கள் குறையென்று எழுதுகிறீர்கள். கண்ணாடி போட்ட பெண்ணை என் மாமியார் முன்னால் நிறுத்தினால் என்ன சொல்வார் தெரியுமா? படிக்க வைத்தே பிள்ளை கண்ணைக் கெடுத்துவிட்டாள் என்பார். அதைச் சொல்ல அவருக்கு நீங்களே வார்த்தை எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

கதைப் புத்தகத்தைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ரோசரி ஸ்தனிஸ்லாஸ்


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
22-12-1958

ரோசரி,

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. இங்கே ஏகாதசிக் கூட்டம். பாலம் வரைக்கும் ஜனம் நிற்கிறது. உங்கள் வீட்டில் இந்நேரம் நட்சத்திரம் கட்டியிருப்பீர்கள்.

உனக்குத் தெரியாமல் அவளைச் சோதித்தது தப்பு. மன்னித்துக்கொள். சொன்ன விஷயம் மட்டும் தப்பில்லை. என்னோடு பேச வேண்டாம். பதிலும் போட வேண்டாம். அவளைக் கூட்டிக்கொண்டு போ.

வேதவதி


சேசு மரி சூசை துணை

பொன்மலை,
16-7-1961

அன்புள்ள வேதாவுக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

போன மாதம் அமலுவை நாலாம் வகுப்பில் சேர்த்தோம். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். தலைமைச் சிஸ்டர் என்னைப் பார்த்து, "அம்மா பட்டதாரியா, அதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஐந்து வருஷம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மறு வாரமே ஆள் அனுப்பினார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டதை எல்லாப் பிள்ளைகளும் எழுத, இவள் பக்கத்துப் பெண்ணிடம், "நீ மெதுவா சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்று கேட்டிருக்கிறாள்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடது கண் கண்ணாடியால் சரியாகிவிடும். வலது கண்ணைப் பற்றி டாக்டர், "இந்தக் கண்ணு பாக்கக் கத்துக்கவே இல்லம்மா. ஏழு வயசுல கொண்டாந்திருந்தா பழக்கியிருக்கலாம்" என்றார். அமலு என் பக்கத்தில்தான் இருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள். "ஏழு வயசுல யாருமே சொல்லலையாம்மா?"

"வேதா அத்தை சொன்னாங்க."

அதற்குப் பிறகு பொன்மலை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உன் கடிதம் வந்த அன்றே நான் படித்துக் காட்டாத ஒரு துண்டு அச்சுத் தாளை அவள் முன் நீட்டியிருந்தால் போதும். பயமாக இருந்தது வேதா. அதனால் இன்னும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தினமும் செபமாலை முடித்து, பிள்ளைக்கு நல்ல புத்தி கொடு என்று மன்றாடினேன். புத்தி யாருக்கு வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

கண்ணாடி வந்ததும் முதலில் லூசியம்மாள் படத்தைத்தான் எடுத்தாள். வெகு நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, இது முட்டை இல்ல. கண்ணு" என்றாள். "ஆமாடா" என்றேன்.

மாமியார் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அமலு அப்பாவுக்கு மட்டும் கோபம். என்மேல் என்று சொல்லாமல் சைக்கிளைச் சுவரில் இடித்து நிறுத்துகிறார்.

இப்போது நான் புத்தகத்தை எடுத்தால், "நீங்க படிக்க வேணாம்மா, நானே படிச்சுக்கிறேன்" என்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை. மரியாதையாகத்தான் சொல்கிறாள். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கிறாள். பக்கத்து அறையிலிருந்து எனக்குக் கேட்கிறது. அடுத்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிடுகிறது. விழுங்கிக்கொள்கிறேன்.

நீ பதில் போட வேண்டுமென்று கேட்க எனக்கு வாயில்லை. நான் திருப்பி அனுப்பிய அந்தக் கதைப் புத்தகம் உன்னிடம் இன்னும் இருந்தால், அவள் பெயருக்கு அனுப்பு. என் பெயருக்கு வேண்டாம்.

ரோசரி


இதைத் தனித் தாளில் எழுதுகிறேன். கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் அமலு வந்தாள். "அத்தைக்கா? என்ன எழுதியிருக்கீங்க?" என்றாள். "படிச்சுக் காட்டட்டுமா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டேன். கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் இரண்டாம் பக்கத்துக்கு வரவில்லை. என் கையெழுத்து அவளுக்குச் சிரமமாக இருக்கும். பெரிதாக எழுதியிருக்கலாம்.

அவள் படித்து முடிக்கட்டும் என்று எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.